இரண்டாவது மைக்கின் கோடு

எங்கள் மைக் செட் மிக்ஸரில் இரண்டாவது மைக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. அதன் மேல் பேனாவால் ஒரு கோடு. வெள்ளையாக இருந்தது இப்போது அழுக்கேறி, ஓரம் சுருண்டுவிட்டது. எந்த மண்டபத்தில் போய்ப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். திருகு கோட்டிலேயே நிற்கிறதா என்று பார்க்காமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. பார்த்த பிறகும் ஓடாது என்பது வேறு விஷயம்.

ஒட்டியவர் என் அத்தான், அக்காவின் கணவர். சீவலப்பேரியில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் மைக் செட் வைத்திருந்தோம். வயர் இழுப்பதும் பாட்டுப் போடுவதும் என் பாடு, பேசுவது அவர் பாடு. கல்யாண வீட்டில் தாய்மாமன் சீரோடு வந்து இறங்கினால், மேடையில் மைக்கைப் பிடித்து, இன்ன ஊர், இன்னார் மகன், பெண்ணுக்குத் தாய்மாமன் வருகிறார் என்று அவர் அழைக்கிற அழைப்பில் நோஞ்சான் மாமனுக்குக்கூட நெஞ்சு நிமிர்ந்துவிடும். பெயர் முன்னே பின்னே போனாலே சண்டை வந்துவிடுகிற எங்கள் பக்கத்தில், அவர் அழைத்த கல்யாணத்தில் ஒரு மாமனும் கோபித்துக்கொண்டு போனதில்லை. அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. ஆபரேஷன் முடிந்து வந்தவரிடம் காற்றும் கரகரப்புமாக ஏதோ கொஞ்சம் குரல் மிச்சமிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான்.

"ஊர் மாமனையெல்லாம் கூப்பிட்டிருக்கேன். என் மச்சினனை வேறொருத்தன் கூப்பிடுததா? நாந்தான் கூப்பிடுவேன்," என்றார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பழைய மிக்ஸரில் மைக் சொருக ஒரே ஓட்டை. அவர் குரலுக்கென்று திருகை ஏற்றினால், அதே மைக்கில் அடுத்துப் பேசுகிறவர் காதைக் கிழித்துவிடுவார். கல்யாணப் பெண்ணின் கூட்டாளிகளுக்கோ ஆட டிஜே வேண்டும். பாட்டும் ஓட வேண்டும், இரண்டு மைக்குக்கும் தனித்தனித் திருகு வேண்டும், விலையும் கைக்கு அடங்க வேண்டும். வைத்தியத்துக்குப் பிறகு எங்கள் கைக்கு என்ன அடங்கும்? ஜங்ஷன் பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். விலை குறைந்த டிஜே மிக்ஸர்களெல்லாம் கண்ணைப் பறித்தன. வண்ண வண்ணமாய் விளக்கு ஓடியது. மைக் எங்கே என்று திருப்பிப் பார்த்தால், போனால் போகிறதென்று ஒரு ஓட்டை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. இரண்டு ஓட்டை உள்ள ஒன்றைக் கண்டதும், "ஹலோ, மைக் டெஸ்ட்" என்று கத்தினேன். கணீரென்று கேட்டது. கட்டச் சொல்லிவிட்டேன். வீட்டில் அத்தான் பேசினார், இரைச்சல்தான் வந்தது. அவர் குரலுக்கு வாங்க வேண்டியதை என் குரலுக்கு வாங்கி வந்திருந்தேன், முட்டாப் பய.

மறுநாள் அதை மாற்ற அவரே கிளம்பிவிட்டார், கழுத்தைச் சுற்றித் துண்டோடு. ஆபரேஷனுக்குப் பிறகு வெளியாள் முன்னால் வாயே திறக்காத மனிதர். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, ஒவ்வொன்றிலும் மைக்கைச் சொருகி, "பொண்ணுக்குத் தாய்மாமன் மேடைக்கு வரணும்" என்றார். கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் நிறுத்தவில்லை. கடைசியாக ஒரு கறுத்த பெட்டி. விளக்கும் கிடையாது, மினுக்கும் கிடையாது. அதில் திருகை ஏற்றியபோது குரல் குரலாகவே வந்தது.

"அண்ணாச்சி, இது கொஞ்சம் பழைய மாடல்லா," என்று கடைக்காரர் இழுத்தார்.

"நானும் பழைய மாடல்தான் வே. இதையே கட்டும்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மண்டபத்தில் வைத்து இரண்டாவது மைக்கில் பேசிப் பேசிப் பார்த்தார். ஓர் அளவுக்கு மேலே போனால் மைக் ஊளையிட்டது. கீழே போனால் குரல் கேட்கவில்லை. கழுத்துக் கட்டுக்கு வைத்திருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து ஒட்டி, சரியான இடத்தில் கோடு போட்டார். "ஏலே, இதத் தொடாத. ஒன் கை சும்மா இருக்காது," என்றார்.

இருக்கவில்லை. மறுநாள் கூட்டத்தையும் மேளத்தையும் பெண்கள் போட்ட குலவையையும் பார்த்ததும், அவர் குரல் அமுங்கிவிடுமோ என்று என் கை திருகுக்குப் போய்விட்டது. கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏற்றினேன். அத்தான் வாயைத் திறந்ததும் மைக் ஊளையிட்டது. பயந்து இறக்கினேன், குரலே இல்லை. மறுபடி ஏற்றினேன், மறுபடி ஊளை. "வேற ஆளப் பேசச் சொல்லுங்கப்பா," என்று கூட்டத்தில் யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்தது. மைக்கை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். கையை எடு என்று விரலை விரித்துக் காட்டினார். திருகைக் கோட்டில் வைத்துவிட்டு எடுத்தேன்.

"பொண்ணுக்குத் தாய்மாமன்..." கரகரத்த அந்தக் குரல் கடைசி வரிசை வரைக்கும் போனது. என் ஊர், என் அப்பா பேர், என் பேர், எதையும் விடாமல் வரிசையாகச் சொன்னார். "...மேடைக்கு வரணும்." நான் பெட்டிப் பக்கத்திலேயே மரமாய் நின்றேன். மைக்கை வாயிலிருந்து எடுக்காமலே, "ஏலே, ஒன்னத்தாம்லே. பெட்டிய விட்டுட்டு வா," என்றார். மண்டபமே சிரித்தது. மாலையை எடுத்துக்கொண்டு அழுதபடியே ஓடினேன்.

அடுத்த ஐப்பசிக்குள் அத்தான் போய்விட்டார். போன முகூர்த்தத்தில்கூட ஒருவர் இரண்டாவது மைக் வேண்டும் என்று கேட்டார். ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். அந்த ஓட்டையில் எதையும் சொருகுவதில்லை. ஆனாலும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தத் திருகைக் கொஞ்சம் ஏற்றுவேன், இறக்குவேன், திரும்பக் கோட்டுக்கே கொண்டு வருவேன். பிறகு என்னை அறியாமல் மேடையைப் பார்ப்பேன். கையை எடுலே என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.