ஒரு சைஸ் பெரிய ஷூ

ஓசூர் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவருக்குப் பேஸ்மேக்கர் பொருத்திப் பல வருடங்கள் ஆகின்றன. செக்கப்பில் அதன் பேட்டரி நன்றாக இருந்ததால் நிம்மதியாக இருந்தோம். போன வருடம் பாதம் வீங்கி, மூச்சும் வாங்கியது. ஷிப்ட் முழுக்க நிற்பதால்தான் என்று நினைத்து, கம்பெனி ஸ்டோரில் பெரிய சைஸ் ஷூ கேட்டிருக்கிறார்.

ஸ்டோரில் இருக்கும் மஞ்சுளா, "ஏண்ணா, அம்பது வயசுல கால் வளருதா? ஷூ தரமாட்டேன். மொதல்ல டாக்டரைப் பாத்துட்டு வந்து சண்டை போடுங்க" என்றாராம்.

கோபத்தோடு வீடு வந்தவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்த டாக்டர், "கருவி சரியாத்தான் இருக்கு. ஆனா வருஷக்கணக்கா அது துடிக்க வைக்கிறதுல சிலருக்கு இதயம் பலவீனமாகும். நல்லவேளை, இப்பவே வந்தீங்க" என்றார். இதயத்தின் இரண்டு பக்கமும் சேர்ந்து துடிக்கும்படி, கருவியை மாற்றி இன்னொரு வயர் வைத்தார்கள். இப்போது மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறார்.

மஞ்சுளாவின் தைரியம் எனக்கு வராது. ஆனாலும் பேட்டரி பார்க்கப் போகும்போதெல்லாம், "எக்கோ எப்போது?" என்று நானே கேட்டுவிடுகிறேன். பழைய சைஸ் ஷூவே அவருக்குப் போதுகிறது. மாலையில் அதைக் கழற்றியதும், வீக்கம் இருக்கிறதா என்று பாதத்தை அழுத்திப் பார்க்கிறேன்.