தண்ணீரில் சாகாத நெல்லோடு முடிச்சூருக்கு

2009 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. காலை ஏழரைக்கு வேளச்சேரியில் பேருந்து ஏறினேன். மடியில் துணிப்பை, அதில் இரண்டு கிலோ விதைநெல். நான்கு மணிக்குள் திரும்பிவிடு என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். எங்கள் வீட்டை விற்கப் போகிறோம், அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

தாம்பரம் பதினைந்து கிலோமீட்டர். ரயில் பாதையைக் கடந்து மேற்குப் பக்கம் போய் முடிச்சூர் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தேன். கட்டணம் எட்டு ரூபாய்.

பக்கத்தில் இருந்தவர் கமால் பாய், இரும்புலியூரில் அலுமினிய ஜன்னல் செய்பவர். பையில் என்ன என்று கேட்டுவிட்டார். விவசாயப் பத்திரிகைக்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? ஆரம்பித்துவிட்டேன்.

பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐ.ஆர். எட்டு வந்த கதையைச் சொன்னேன். ரேஷன் வரிசையில் நின்ற நாட்டுக்கு அந்தக் குட்டை நெல் சோறு போட்டது. அதை நான் என்றும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் குட்டைப் பயிர் வெள்ளம் வந்தால் தலைவரை மூழ்கி அழுகிவிடும். ஒரிசா உழவர்களிடம் இருந்த ஒரு பழைய நெல்லோ தண்ணீருக்கடியில் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும். அந்தக் குணத்தை அதிக விளைச்சல் நெல்லுக்குள் கொண்டுவர ஆராய்ச்சியாளர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. ஒரிசா போனபோது அந்த விதை கிடைத்தது. 2005 மழையில் பயிரை முழுக்கப் பறிகொடுத்த முடிச்சூர் உழவர் ஏழுமலைக்குக் கொண்டுபோகிறேன் என்று பெருமையாக முடித்தேன்.

கமால் பாய் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். இறங்கும்போதுதான் சொன்னார், அவரும் ஏழுமலையிடம்தான் போகிறாராம். மனைக்கு முன்பணம் கொடுக்க.

வயலில் நெல் இல்லை, வெள்ளையடித்த மனைக்கற்கள் இருந்தன. ஏழுமலை என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, இந்த வாரம் கட்டணம் கட்ட வேண்டும், அதனால் பாதி நிலத்தை விற்கிறார். நான் பையைப் பின்னால் மறைத்தேன். மறைத்து என்ன பயன்?

"அண்ணா, சார் கொண்டாந்த தண்ணில சாகாத நெல்லு இந்த நெலத்துக்கா?" என்று கமால் பாய் கேட்டார்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கரண்ட் கம்பத்தருகே போய் இடுப்பளவில் கை வைத்தார்.

"இம்மாம் தண்ணி நின்னுச்சு பாய். பத்து நாளு."

கமால் பாய் அவர் தோளைத் தொட்டுவிட்டு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதாகச் சொல்லி முன்பணம் கொடுக்காமல் அடுத்த ஆட்டோவில் திரும்பினார். ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"வுடு சார். நெல்லுக்கு மூச்சுப் புடிக்கக் கத்துக் குடுத்துட்டாங்க. வூடு கட்டிகினு வர்றவங்களுக்கு யாரு கத்துக் குடுப்பாங்க?"

பையைத் தானே வாங்கிக்கொண்டார். கற்களைப் பிடுங்கிவிட்டு விதைக்கப் போவதாகச் சொன்னார். கட்டணத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வேளச்சேரியில் எங்கள் தெருவும் முன்பு ஏரித் தண்ணீர் நின்ற இடம்தான்; 2005 மழையில் அது வீட்டுக்குள்ளும் வந்தது. நான்கு மணிக்கு ஒரு இளம் தம்பதி வந்தார்கள். காபி குடித்தார்கள், புதிதாகச் சுண்ணாம்பு பூசிய சுவர்களைப் பாராட்டினார்கள். புறப்படும்போது அந்தப் பெண் கேட்டாள்: "மழைக்குத் தண்ணி வருமா சார்?"

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரோரம் போனேன். கை முதலில் முழங்கால் உயரத்தில்தான் நின்றது. பிறகு இடுப்புவரை உயர்த்தினேன்.