குரங்குகளைத் தெரிந்தவனுக்கு என்னைத் தெரியவில்லை

குரங்குகளை ஆராயும் எங்கள் ஆய்வுகூடத்து லூக், படத்தில் உள்ள ஒவ்வொரு குரங்கையும் முகம் பார்த்தே பெயர் சொல்லுவான். என்னை மட்டும் நிரோஷா என்பான்.

அங்கேயே வேலை செய்யும் நிரோஷா என்னைவிட ஒரு சாண் உயரம், கண்ணாடி வேறு. எங்கள் இருவருக்கும் பொதுவானது தோலின் நிறம்தான்.

இன்று வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். மாதக்கணக்காக நான் செய்த பரிசோதனையைக் காட்டி, "நிரோஷா செய்தது" என்றான் லூக், என்னைப் பார்த்துக்கொண்டே. அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

"விடடி, அவனுக்கு நாங்கள் எல்லாரும் ஒண்டுதான்" என்று நிரோஷா என் காதில் சொன்னாள்.

நான் விடவில்லை. "உங்களுக்கு உதவியது யார்?" என்று பேராசிரியர் என்னிடம் கேட்டதும் லூக்கைக் காட்டி, "இவர்தான், பாஸ்கால்" என்றேன். பாஸ்கால், லூக்கிற்கு அறவே பிடிக்காத இன்னொரு தாடிக்காரன்.

"நான் லூக்!" என்று கத்தினான்.

"மன்னிக்கவும், தாடி வைத்தவர்கள் எல்லோரும் எனக்கு ஒரே மாதிரித்தான். நானும் நிரோஷா இல்லை" என்று சொல்லி என் பெயரைச் சொன்னேன். பேராசிரியர் சிரித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

மாலையில் கோட்-டெ-நெய்ஜ் பஸ் தரிப்பிடத்திற்கு நிரோஷா மூச்சு வாங்க ஓடிவந்தாள். "உன்ர வாயாலை எனக்கெல்லோ பேச்சு விழுந்தது! என்னை நீயெண்டு நினைச்சு, தன்னட்டை மன்னிப்புக் கேக்கட்டாம் எண்டு லூக் என்னோடை சண்டைக்கு வாறான்!"

நாளைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து அவனுக்கு என்ன செய்யலாம்? யோசனை உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.