ஹுங்வேயின் தாடை

சுடச்சுட அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துணியில் சுற்றி இடது தாடையில் கொஞ்ச நேரம், வலது தாடையில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்த பிறகுதான் அதைத் தின்பார் ஹுங்வே. காலை ஆறு மணிக்குச் சகுப்வா பேருந்து நிலையத்தில் அவர் நிற்கும் கோலம் இது. கிழங்கு விற்பவரே அவருடைய மனைவிதான். மகள் பெயரைச் சேர்த்து மாய் ருஃபாரோ, அதாவது ருஃபாரோவின் அம்மா, என்று கூப்பிடுவோம். "திங்கக் குடுத்தா ஒத்தடம் வச்சிக்கிறாரு. என் கிழங்கு மானமே போச்சு டீச்சர்" என்பார் அவர்.

ஹுங்வேயின் சொந்தப் பெயர் திச்சவோனா. ஊரே அழைப்பது குலப்பெயரால்: ஹுங்வே, மீன்கழுகு. பேருந்துக்கு ஆள் கூப்பிடுவது தொழில். சிமானிமானி சாலையில் இருக்கும் என் பள்ளிக்குப் பதினெட்டு வருடமாக அவர் குரல் கேட்டுத்தான் பேருந்து ஏறுகிறேன்.

அந்த நாளைய ஹுங்வேயை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பேருந்து போய் இன்னொன்று வருவதற்குள் ஆளுயரக் கரும்பைப் பல்லாலேயே உரித்து மென்று தீர்ப்பார். சோடா மூடியைக் கடைவாயில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் போதும். மூடியைத் துப்பிவிட்டுப் பாட்டிலை நீட்டுவார். வழியிலுள்ள பதினாறு ஊர்களையும் ஒரே மூச்சில் சொல்வார். நான் தாமதமாக ஓடி வந்தால் போச்சு. "டிரைவரு, நிறுத்துய்யா! டீச்சருக்கே லேட்டு, இன்னிக்குப் புள்ளைங்களுக்குக் கொண்டாட்டம்!" பேருந்து மொத்தமும் சிரிக்கும். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தக் காலைகளுக்காக ஏங்குகிறேன்.

புயல் வந்த வருடம், அது அடித்த வெள்ளிக்கிழமை மலைக்குப் போன பேருந்துக்கு ஆள் கூப்பிட்டவர் அவர்தான். வண்டி பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் அன்றிரவே மலை சரிந்து, இறங்கிப் போனவர்களில் ஒன்பது பேரை வீட்டோடு கொண்டுபோனது. ஒன்பது பேரின் பெயரும் அவருக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் காலையில் "தூங்கினீங்களா?" என்று கேட்டால், "நீங்க தூங்கியிருந்தா நானும் தூங்கினேன்" என்பதுதான் பதில். வேறு பதில் சொல்லும் வழக்கமில்லை. புயலுக்குப் பிறகு மூன்று மாதம் ராத்திரியில் கண்ணை மூடாமல் கிடந்த மனிதரும் தினமும் எனக்கு அதையேதான் சொன்னார். நானும் நம்பிக்கொண்டு பேருந்து ஏறினேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. பிறகு ஒருநாள் அவர் வரவில்லை. படுத்தவர் எழவில்லை, சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். அதிகமாக யோசிக்கிற நோய் என்போம் அதை.

கிளினிக்கில் கொடுத்த மாத்திரைதான் அவரை எழுப்பி உட்கார வைத்தது. சாப்பிட்டார், தூங்கினார், நிலையத்துக்கும் வந்தார். மாத்திரையோடு கூடவே புது வம்பு ஒன்றும் வந்தது: தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தார். "ராத்திரி பூரா சோளம் அரைக்கிறாரு. விடிஞ்சு பாத்தா ஒரு பிடி மாவு இல்ல" என்று மாய் ருஃபாரோ சிரித்தார். வயிற்றுப் பூச்சிதான் என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு இரண்டு முறை பூச்சி மருந்தும் கொடுத்துப் பார்த்தார். விடிந்தால் தாடை பூட்டுப் போட்டது போலாகிவிடும். எட்டு மணி வரை ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கும். எங்கள் வண்டியோ ஆறரைக்கு. பேருந்தின் தகரத்தைக் கையால் தட்டித்தான் ஆட்களைக் கூட்டுகிறார்.

போன மாதம் மாய் ருஃபாரோ அவருடைய கோட்டைத் துவைக்க எடுத்தபோது, பையில் சோளப்பொரியோடு பன்னிரண்டு மாத்திரைகள் கிடந்தன. வாயில் போட்டுக்கொண்டு பிறகு துப்பியவை.

கிழங்குக் கூடையை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் மோதினார்கள்.

"கூப்பிடுறவனுக்கு வாய்தான் சோறு. அதப் பூட்டிட்டு நான் என்ன பண்றது?" என்றார் ஹுங்வே, பல்லிடுக்கில்.

"'தாடை வலிச்சாலும் மாத்திரைய நிறுத்தாதீங்க, வாங்க, அளவக் குறைச்சுப் பாப்போம், பல்லுக்கு உறை செஞ்சு தரச் சொல்றேன்'னு நர்சம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்கல்ல? ரெண்டு நாளா மறுபடி செவுத்தையே பாக்குறீங்க. வாய் வலிச்சா எங்கிட்ட சொல்லலாம். செவுரு உங்களப் புடிச்சிக்கிட்டா நான் யார்கிட்ட போயி நிப்பேன்?" என்ற மாய் ருஃபாரோ, இடுப்பில் கட்டியிருந்த துணியின் முனையால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஹுங்வே மனைவியோடு கிளினிக்குக்குக் கிளம்பிப் போனார். அளவைக் குறைத்தார்கள், உறைக்கு அச்சும் எடுத்தார்கள். உறை இன்னும் வரவில்லை, வலியும் போகவில்லை.

நேற்று காலையும் பார்த்தேன். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். மாய் ருஃபாரோ கிழங்கை அடுக்கிக்கொண்டிருந்தார். ஹுங்வே அவர் எதிரில் போய்க் குந்தி, இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து, கண்ணில் நீர் முட்ட முட்ட வாயைத் திறந்தார். பிறகு நாக்கைத் தூக்கி, அடியிலும் ஒன்றுமில்லை என்று காட்டினார்.