தார்தோவின் பல்லும் ஏலத்தளத்தின் பங்கும்

அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் தார்தோ உருளைக்கிழங்கு மட்டுமே தின்றார். லா தெஹா பேட்டையில், கரியடுப்பில் மாட்டு விலா பொரிந்துகொண்டிருக்கும்போது உருளைக்கிழங்கை மசித்துத் தின்னும் ஆம்பிளையை மான்டிவீடியோக்காரர்கள் லேசில் விட மாட்டார்கள். மேல்வரிசையில் நாலைந்து பல் போய்விட்டது. பல் மருத்துவர் அச்செடுத்துப் பல மாதம் ஆகிறது. "இன்னும் ஏன் கட்டிக்கலே?" என்று யார் கேட்டாலும், மருத்துவரின் நாற்காலியில் உட்காரவே பயம் என்று சொல்லிவிடுவார்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினியே! எதிர்ல லாரி வந்தா பயமில்ல, இடுக்கியப் பாத்தா பயமா?" என்பான் மெக்கானிக் எபெர்.

"லாரி நம்ம வாய்க்குள்ள வராதுப்பா" என்பார் தார்தோ. எல்லாரும் சிரிப்பார்கள். அவருடைய மனைவி சுல்மாவும் சிரிப்பாள். கோழை என்று பெயர் வாங்குவது அவருக்கு அப்போது வசதியாக இருந்தது. உண்மையைச் சொல்வதற்கு அது எவ்வளவோ மேல் என்று நினைத்தார்.

உண்மை என்னவென்றால், பல்லுக்கென்று தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்த காசை இணைய ஏலத்தளம் தின்றுகொண்டிருந்தது.

ஆரம்பம் சின்ன விஷயம்தான். ஓய்வு பெற்றுச் சும்மா உட்கார்ந்திருந்த தார்தோ, வீட்டில் கிடந்த பழைய மேசை மின்விசிறியைப் படம் பிடித்து ஏலத்தளத்தில் போட்டார். எங்கோ ஒரு ஊரில் இரண்டு பேர் அதற்காக முட்டி மோதி விலையை ஏற்றிவிட்டார்கள். செய்தி தெருவில் பரவியது. முதலில் வந்தவள் எதிர்வீட்டு நெலிதா. அவளுடைய கணவர் ருபென் குழாய் வேலை பார்த்தவர். காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய குறடு, திருகி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, இதைப் பாக்கப் பாக்க நெஞ்சை அடைக்குது. வித்துக் குடு" என்றாள்.

அக்கம்பக்கத்தாருக்கு இப்படிக் கை கொடுப்பதற்கு அங்கே கவுச்சாதா என்று பெயர். அதற்குக் கூலி வாங்கினால் செத்த வீட்டில் காப்பிக்குக் காசு கேட்டது மாதிரி. தார்தோ அந்தத் தெருவில் பிறந்தவர், அவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏலம் முடிகிற மாலையில் நெலிதா அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையைக் கையில் பிடித்தபடியே திரையைப் பார்த்தாள். விலை ஏறி நின்றதும், "என் ருபெனோட குறடுக்கு இவ்வளவு மதிப்பா!" என்று அழுதாள். மறுநாளே கடைத்தெருவில் எல்லாரிடமும் அந்தத் தொகையைச் சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் தார்தோவின் கணக்கில் காசு விழுந்தது. திரையில் நின்ற தொகை அதில் இல்லை.

முதலில் திருட்டு என்றுதான் நினைத்தார். கேட்டு எழுதினார்; ஏதோ இயந்திரம் மரியாதையாகப் பதில் சொல்லிற்று. அப்புறம்தான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிகளைப் படித்தார். விற்ற விலையில் நூற்றுக்குப் பதின்மூன்று தளத்துக்கு. சரி, கடை விரிக்க இடம் கொடுக்கிறான், வாடகை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாங்குகிறவர் தபாலுக்குக் கொடுக்கிற காசு தபால்காரருக்குப் போகிற காசு அல்லவா? அதிலும் பதின்மூன்று. பொருள் மலிவாகப் போனால், மேற்கொண்டு ஒரு நிலைக்கட்டணம். 'உங்கள் படம் மேலே பளிச்சென்று தெரிய வேண்டுமா?' என்று வழியில் ஒரு பெட்டி கேட்டிருந்தது. வேண்டாம் என்று எந்தப் பைத்தியக்காரன் சொல்வான்? தார்தோ வேண்டும் என்று அழுத்தியிருந்தார். அதற்கும் காசு. இத்தனையும் போகத்தான் அவர் கைக்கு வந்தது.

இதைப் போய் நெலிதாவிடம் எப்படிச் சொல்வது? 'அக்கா, இதில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள்' என்றால் அவள் நம்புவாள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வாக்கியத்தை மனதில் சொல்லிப் பார்த்தபோதெல்லாம், தனக்குக் கூலி கேட்பது போலவே அவர் காதில் விழுந்தது. பிடித்தம் என்ற சொல்லே நாக்கில் கூசியது. கடைசியில் டப்பாவைத் திறந்து, குறைந்த காசைப் போட்டு, திரையில் நின்ற தொகையை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்து அனுப்பினாள்.

ஒருத்திக்கு முழுசாகக் கொடுத்தாயிற்று, இனி யாருக்குக் குறைத்துக் கொடுக்க முடியும்? எபெரின் பழைய கார் ரேடியோ, பேக்கரிக்காரியின் தையல் இயந்திரம், யார் யாருடையதோ காப்பிக் கோப்பைகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. கோப்பைகள்தான் மோசம், நிலைக்கட்டணம் பாதி விலையை விழுங்கியது. ஒவ்வொரு ஏலமும் முடியும்போது சமையலறையே கைதட்டும். கூட்டத்தில் சேர்ந்து கைதட்டிக்கொண்டே, இதில் பதின்மூன்று போனால் எவ்வளவு என்று தார்தோ உள்ளுக்குள் கணக்குப் போடுவார். இப்படி ஒரு முட்டாள்தனத்தை இந்தப் பேட்டையில் பிறந்தவர்தான் செய்ய முடியும். அதனால்தான் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

மழைக்காலம் நெருங்கியபோது நெலிதா மறுபடி வந்தாள். இந்த முறை ஒரு மரப்பெட்டி. உள்ளே ஆறு சோடா சைஃபன்கள். கைப்பிடியை அழுத்தினால் சோடா பீய்ச்சி அடிக்குமே, அந்தக் கனத்த கண்ணாடிப் புட்டிகள். அவளுடைய அப்பா குதிரைவண்டியில் வீடு வீடாகச் சோடா போட்டவர். ஐந்து புட்டி நீலம். ஒன்று ரோஜா நிறம்.

"கூரைத் தகரம் பூரா ஓட்டை, தம்பி. போன மழையில படுக்கையை மூணு இடத்துக்கு மாத்தினேன். மாத்துறதுக்கு இருபத்திரண்டாயிரம் பெசோ கேக்கறான். இது பாதியாவது தேறுமா?"

"பாப்போம்க்கா" என்றார் தார்தோ.

சைஃபன் சேகரிக்கும் பைத்தியங்கள் உலகத்தில் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது. ரோஜா நிறத்துக்கு அத்தனை கிராக்கி. கடைசி நிமிடங்களில் பியூனஸ் அயர்ஸ்காரர் ஒருவரும் கொலோனியா ஊர்க்காரி ஒருத்தியும் விட்டுக்கொடுக்காமல் ஏற்றினார்கள். இருபதைத் தாண்டியதும் எபெர் நாற்காலிமேல் ஏறி நின்றான்.

"விடாதே பொம்பள! ஏத்து!" என்று திரையைப் பார்த்துக் கத்தினான்.

இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறில் நின்றது. நெலிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "கூரை வந்தாச்சு" என்றாள். மறுபடியும் சொன்னாள். உடனே, அங்கேயே, கூரை வேலைக்காரனுக்குப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டாள்.

தார்தோவும் கைதட்டினார். மூவாயிரத்துச் சொச்சம் பிடிப்பார்கள். டப்பாவில் ஆயிரம்கூட இல்லை.

காசு கணக்கில் விழுந்த அன்று காலை சுல்மா சந்தையில் பல் மருத்துவரின் உதவியாளரைப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர் எப்ப வரப் போறாரு? பல்லு ரெடியாகி எங்க மேசை டிராயர்லயே கிடக்குதே. பாக்கிக் காசைக் கட்டினா மாட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதானே" என்றாள் அந்தப் பெண். சுல்மா காய்கறிகூட வாங்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

"கிழவா, இங்க வா."

தார்தோ வந்தார். திறந்த டப்பாவைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல, தான் செய்தது இவ்வளவு கேனத்தனமா என்று அவருக்கே தோன்றியது.

"அப்ப எபெர் ரேடியோவுக்கு உன் கடவாய்ப் பல்லைக் குடுத்தே. அந்தக் கோப்பைக்கு முன்பல்லு. அப்படித்தானே?"

"கிழவி, கத்தாதே."

"கத்துவேன். நீ கோழைன்னு ஊர் சிரிச்சப்போ நானும் கூடச் சேந்து சிரிச்சேனே, என்னையும் சிரிக்க வெச்சியே!" சுல்மா முந்தானை மாதிரி சமையல் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப மூவாயிரத்துக்கு எங்க போவே? கண்ணை வித்துக் குடுப்பியா? போய்ச் சொல்லு. நீ போறியா, நான் போகட்டுமா?"

அவரே போனார். தெருவைக் கடக்க அத்தனை நேரம் பிடித்தது. நெலிதாவின் வீட்டு வாசலில் புதுத் தகரம் அடுக்கியிருந்தது. அவள் மேசையைத் துடைத்து, கேக் வெட்டி வைத்திருந்தாள். தார்தோ உட்காராமலே காசை மேசையில் வைத்தார்.

"அக்கா, இதுல குறையுது. தளத்துக்காரன் அவன் பங்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அனுப்புவான். எனக்குன்னு ஒரு பைசா எடுக்கலே. சத்தியமா."

"நீ எடுப்பேன்னு யாரு சொன்னா? அவன் கடை, அவன் பிடிக்கிறான். தகரத்துல நாலு தகடு குறைச்சாப் போச்சு, துவைக்கிற இடம் ஒழுகட்டும்" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். காசை எடுக்கக் கையை நீட்டினாள். நீட்டிய கை நின்றது. "இரு. ருபெனோட கருவிக்கு மட்டும் எப்படி முழுசா வந்துச்சு?"

தார்தோ கையால் வாயை மறைத்துக்கொண்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் வாயைப் பார்த்தாள்.

"உன் பல்லுக் காசா?"

"பரவாயில்லக்கா, அது—"

"என் புருஷன் கருவிக்கு இவ்வளவு மதிப்புன்னு ஊர் பூரா சொல்லிட்டு வந்தேன்டா. அதுல உன் பிச்சையும் இருந்துச்சா?" என்றாள். "கேட்டு வாங்கினா உதவி. எனக்கே தெரியாம என் கையில போட்டா அது என்ன?"

அவர் அதை ஒருநாளும் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. அவள் ருபெனின் கருவிகள் அன்று போன விலையைச் சொல்லி, தளம் பிடிக்கும் விகிதத்தைக் கேட்டு, கூரைக் காசிலிருந்தே எண்ணி அவர் பக்கம் தள்ளினாள். அவர் திருப்பித் தள்ளினார்.

"எடுக்கலேன்னா இனி என் வாசப்படி மிதிக்காதே" என்றாள்.

எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் வாங்கிய காசிலேயே அதுதான் அதிகம் கனத்தது. அவர் வெளியே வந்ததும் கதவு சாத்தப்பட்டது. வெட்டி வைத்த கேக்கை அவள் எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அதன் பிறகு நெலிதா எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைத்தாள். கூரைமேல் சுத்தியல் சத்தம் கேட்டது. துவைக்கிற இடத்துக்கு மேலே பழைய ஓட்டைத் தகரம் அப்படியே இருந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம் தார்தோவுக்கு அழுகை வந்தது. நல்லது செய்கிறேன் என்று ஒரு மனுஷியைச் சிறுமைப்படுத்திவிட்டோமே என்று சுல்மாவிடம் புலம்பினார். அவள் அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். திட்ட அவளுக்கும் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல முற்றத்தில் கரி மூட்டினார்கள். அதற்குள் விஷயம் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. எபெர் வந்ததும் வராததுமாக, "யோவ், எனக்கு அந்த ரேடியோவுக்குப் பாதிக் காசு குடுத்திருந்தாலே வாங்கிட்டுப் போயிருப்பேனே! அது பாடவே பாடாதுய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். இனிமேல் எந்தப் பொருள் வந்தாலும் தளத்தின் பங்கை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஏலம் என்று சுல்மா அறிவித்தாள். எல்லாரும் சேர்ந்து முகம் தெரியாத அந்தத் தளத்துக்காரனை வாயாரத் திட்டினார்கள். தார்தோ மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறைச்சியை இறக்குகிற நேரத்தில் நெலிதா வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே அடுப்பருகே போய், நல்ல கொழுப்போடு ஒரு விலாத் துண்டை எடுத்துக்கொண்டு தார்தோவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவர் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை ஓரமாக ஒதுக்கினாள். கத்தியை எடுத்து, கைக்குழந்தைக்கு வெட்டுவது போல இறைச்சியைப் பொடிப்பொடியாக வெட்டினாள்.

"பல்லு வர்ற வரைக்கும் நான் வெட்டித் தர்றேன். எல்லார் முன்னாடியும்தான் வெட்டுவேன், ஒளிச்சுச் செய்ய மாட்டேன். தின்னு."

தார்தோ ஒரு துண்டை வாயில் போட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இறைச்சியின் சாறு நாக்கில் இறங்கியது. கண் கலங்கி, "அக்கா" என்றார்.

நெலிதா தட்டில் இருந்த துண்டுகளை எண்ணினாள். எட்டில் ஒன்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"என்னக்கா இது?"

"பிடித்தம்" என்றாள், மென்றுகொண்டே. "நான் என்ன உன்னை மாதிரிக் கேனையா, சும்மா வெட்டித் தர?"

எபெர் வெடித்துச் சிரித்தான். அவள் இன்னொரு துண்டையும் எடுத்தாள்.

"இது எதுக்கு?"

"தபால் செலவுக்கு" என்றாள் நெலிதா. அந்தத் துண்டைத் தான் தின்னாமல் அவர் வாயருகே கொண்டுபோய் நீட்டினாள்.