சுபாங்கனின் படத்துக்கு விழுந்த மாலை

புத்தூரில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து இரத்தினம்மா வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். எழுபதை எட்டிய மனுசி. வெங்காயத் தோட்டத் தறைகளுக்குள் இன்னும் கூலிக்குப் போகிறார். யாராவது பாவம் பார்த்து ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், “உம்மடை அலுவலைப் பாரும்” என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். நான் பக்கத்து வளவு. பெயர் குகதாசன், ஓட்டோ ஓடுகிறேன். இரத்தினம்மா அக்கா எங்கே போவதானாலும் என் ஓட்டோவில்தான் போவார். அரசாங்கக் கந்தோர்களில் கதைக்க வேண்டி வந்தால் என்னைத்தான் முன்னுக்குத் தள்ளுவார். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விசயம்.

அவருடைய வீட்டு விறாந்தைச் சுவரில் ஒரே ஒரு படம் தொங்குகிறது. அது அவருடைய புருசன். பெரிதாக்கி, சட்டம் போட்டு, பிளாஸ்ரிக் மாலை சாத்தி, மேலே ஒரு சிவப்பு பல்ப் பூட்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் செத்தவர்களைத்தான் இப்படிச் சுவரில் ஏற்றுவோம். உயிரோடு இருப்பவர் அல்பத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே மகன் சுபாங்கனின் படம் அல்பத்துக்குள்தான் இருந்தது. அதுவும் அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம்.

சுபாங்கன் 2007இல் ஒரு பின்னேரம் போட்டோக்கொப்பி எடுக்க நெல்லியடிக்குச் சைக்கிளில் போனான். சைக்கிளும் வரவில்லை, அவனும் வரவில்லை. அதற்குப் பிறகு அக்கா ஏறி இறங்காத படி இல்லை. விசாரணைக்குழு என்று வந்த எல்லாவற்றுக்கும் போனார். மறியல்சாலை வாசல்களில் படத்தோடு நின்றார். சாத்திரிமாரிடமும் போனார். கடைசியில் ஒரு உத்தியோகத்தர், மரணச் சான்றிதழை எடுத்துவிட்டால் அலுவல் முடிந்துவிடும் என்று மெல்லச் சொன்னார். “செத்ததை நீர் கண்டனீரோ?” என்று கேட்டுவிட்டு அக்கா எழும்பி வந்துவிட்டார். அந்தியேட்டிக் கிரியையைச் செய்து முடி என்று சொன்ன சொந்தக்காரரோடு கதை பேச்சை விட்டார். மகனின் படத்தைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று வந்த ஸ்ரூடியோக்காரனைப் படலை வாசலோடு கலைத்து விரட்டினார். அந்தப் பிள்ளையின் உயிரை அப்படித்தான் காவல் காத்தார். அதைப் பார்க்க எனக்குச் சில நாள் கோபம் வரும், சில நாள் பாவமாக இருக்கும்.

சுபாங்கன் படம் கீறுகிறவன். கொமிக்ஸ் என்றால் எங்களுக்குத் தெரிந்தது குதிரையும் துவக்கும்தான். இவன் கீறினது வேறு. ஒரு தாளை எட்டாக மடித்து வெட்டிச் சின்னப் புத்தகமாக்குவான். அதற்குள் அடிமட்டம் வைத்துக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, சைக்கிளில் போகிற ஒருவனைக் கீறுவான். அந்தச் சைக்கிள்காரனின் முகம் ஒருநாளும் தெரியாது, முதுகுதான் தெரியும். மண்மூட்டைக் காவலரணைத் தாண்டிப் போவான், பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போவான், பாணுக்கு வரிசையில் நிற்கிற சனத்தைத் தாண்டிப் போவான். வேறொன்றும் நடக்காது. அதைப் போட்டோக்கொப்பி அடித்துக் கூட்டாளிமாருக்குக் கொடுப்பான். எனக்கும் ஒன்று தந்தான். இதில் கதை எங்கேயடா என்று நக்கலடித்தேன். வடிவாகப் பாருங்கோ அண்ணை என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவன் போனபோது ஒரு புத்தகம் முடியாமல் வீட்டில் கிடந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம். ஒன்றில் சைக்கிள்காரன் சந்தியில் திரும்புகிறான். அடுத்ததில் சைக்கிள் மட்டும் வேலியோடு சாய்ந்து நிற்கிறது. மூன்றாவதில் சுற்றிவரக் கோடு மட்டும்தான், உள்ளே ஒன்றுமில்லை. அக்கா அந்தத் தாள்களை வேப்பிலை போட்டு பிஸ்கட் ரின்னுக்குள் வைத்திருந்தார். ஒருவரையும் தொடவிட்டதில்லை.

இரண்டு வருசத்துக்கு முன்னர் சிவகௌரி வந்தாள். நெல்லியடிப் பிள்ளை, வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். கடைகளில் விற்கிற பெரிய கொமிக்ஸ்களை விட்டுவிட்டு, ஆட்கள் தங்கள் பாட்டில் கீறித் தாங்களே அச்சடித்துக் கைமாற்றிய மாற்றுச் சித்திரக்கதைகளையும் கிராபிக் நாவல்களையும் பற்றியதாம் அவளுடைய ஆய்வு. சுபாங்கனின் பழைய கொப்பி ஒன்று யாரிடமோ அவள் கண்ணில் பட்டிருக்கிறது. கொமிக்ஸ் படித்தாலும் பட்டம் தருவார்கள் என்று தெரிந்திருந்தால் நான் ஏன் ஓட்டோ ஓடுகிறேன் என்று கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. இப்பவும் பிந்தவில்லை அண்ணை, விண்ணப்பம் போடுங்கோ என்றாள். எனக்குப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது.

அக்கா ரின்னைத் திறப்பார் என்று நான் நினைக்கவேயில்லை. ஆனால் சிவகௌரி வந்து இருந்த விதத்தில் என்னவோ இருந்தது. அநுதாபம் ஒன்றும் சொல்லவில்லை, அழவில்லை. மகன் என்ன பேனையால் கீறினவர், தாள் எங்கே வாங்கினவர், முதலில் கட்டம் போட்டாரா படம் போட்டாரா என்று கேட்டாள். அத்தனை வருசத்தில் அக்காவிடம் வந்தவர்கள் எல்லோரும் அவன் எப்படிக் காணாமல் போனான் என்றுதான் கேட்டார்கள். இவள் அவன் எப்படி வேலை செய்தான் என்று கேட்டாள். அக்கா உள்ளே போய் ரின்னோடு வந்தார்.

கையைத் துடைத்துவிட்டு, பாயில் தாள்களை விரித்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள் சிவகௌரி. கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் மூன்று கட்டத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு அக்காவுக்கு விளங்கப்படுத்தினாள்.

“அம்மா, இந்தக் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவிலை ஒரு வெள்ளை இடம் இருக்கெல்லே. கீறுறவர் அதிலை ஒண்டும் கீறமாட்டார். ஆனால் முக்கியமானது அதுக்குள்ளைதான் நடக்குது. என்ன நடந்தது எண்டதை வாசிக்கிறவைதான் கண்டுபிடிக்கோணும்.”

அக்கா குனிந்து அந்த வெள்ளையில் விரலை வைத்தார்.

“இதிலை திரும்பிறான். இதிலை சைக்கிள் மட்டும் நிக்குது. நடுவிலை நடந்ததை நீ கண்டுபிடிப்பியோ, பிள்ளை?”

“அதுதானம்மா என்ரை படிப்பு” என்றாள் அவள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அந்த ஒரு சொல்லுக்காக அக்கா தாள்கள் அத்தனையையும் கொடுத்துவிட்டார். அல்பத்தில் இருந்த சின்னப் படத்தையும் போனில் எடுத்துக்கொள்ள விட்டார். அவருக்கு அது கொமிக்ஸ் ஆய்வு இல்லை. விசாரணைக்குழுக்கள் செய்யாததைப் படித்த பிள்ளை ஒருத்தி செய்யப்போகிறாள், மகன் எங்கே போனான் என்று அவன் கீறினதை வைத்தே சொல்லப்போகிறாள் என்பதுதான் அவருடைய நம்பிக்கை. எனக்கு அது அன்றைக்கே விளங்கிவிட்டது. சிவகௌரியை பஸ் ஏற்றிவிடும்போது சொன்னேன், பிள்ளை, அவ நீங்கள் மகனைத் தேடித் தருவியள் எண்டு நினைக்கிறா, இப்பவே சொல்லிவிடுங்கோ என்று. அவள் முகம் மாறியது. ஓம் அண்ணை, ஆறுதலாகச் சொல்லுகிறேன் என்றாள். கெட்ட பிள்ளை இல்லை. அந்த ஆறுதலான நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அக்கா ஒரு புது மனுசி. காலையில் நான் ஓட்டோவைத் துடைக்கும்போதே வேலிக்கு மேலால் தலையை நீட்டி, பிள்ளை போன் எடுத்தவளோ என்று கேட்பார். எடுத்தவள் என்று சொன்னால், பார்த்து முடிந்ததாமோ என்பார். சிவகௌரி என்னோடு கதைக்கும்போது அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு அத்தியாயம் எழுதுவதாகச் சொன்னாள், வெறும் கட்டத்தை எப்படி வாசிப்பது என்று. நான் அதை அக்காவிடம் சொன்னேன். ஒரு பக்கத்துக்கே ஒரு அத்தியாயமோ என்று அக்காவுக்கு வாயெல்லாம் பல். பொலிஸ்காரன் என்ரை முறைப்பாட்டை அரைப் பக்கத்திலையெல்லோ எழுதினவன் என்றார்.

இந்த வைகாசியில் யாழ்ப்பாணத்தில் கண்காட்சி வைத்தார்கள். சுபாங்கனின் பக்கங்களைப் பெரிதாக்கி ஒரு மண்டபத்துச் சுவர்களில் ஒட்டி, சிவகௌரி தன் ஆய்வைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. மண்டபத்து ஒழுங்குகளைப் பார்த்தவர் சோமசேகரம் என்று ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர். நகரத்தில் எந்த விழாவுக்கும் அவர்தான் தலை. மேடையும் மைக்கும் மாலையும் இருந்தால் மனுசனுக்குச் சோறு தேவையில்லை.

அக்கா காஞ்சிபுரம் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தார். புருசன் போன பிறகு அதை உடுத்தி நான் கண்டதில்லை. ஓட்டோவில் ஏறும்போது, இண்டைக்குச் சொல்லிப்போடுவாள் தம்பி என்றார். அது அப்படிக் கூட்டமில்லை அக்கா, படம் பார்க்கிற கூட்டம் என்றேன். சும்மா இரடா என்றார்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் நேர் எதிரே சுபாங்கன் நின்றான். அடையாள அட்டைப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஒரு கதிரையில் சாத்தியிருந்தார்கள். முன்னால் குத்துவிளக்கு எரிந்தது. படத்துக்கு மல்லிகை மாலை போட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

அது சோமசேகரத்தின் வேலை. பிறகு கேட்டபோது மனுசன் முழிசினார். பெரிதாக்கின படம், பக்கத்தில் விளக்கு, இனி மாலை போடாமல் விடுவதா என்றார். இளம் பொடியனின் படத்தைப் பெரிதாக்கி மண்டபத்தில் வைத்தால் இந்த ஊரில் யாரும் வேறு எதை நினைப்பார்கள்? பொடியன் காணாமல் போனவன், செத்தவனில்லை என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சிவகௌரி அந்த நேரம் பின்சுவரில் பக்கங்களை நேராக்கிக்கொண்டு நின்றாள்.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். விளக்கைத் தட்டி விழுத்துவார், சோமசேகரத்தைக் கிழிகிழியென்று கிழிப்பார் என்று நினைத்துப் பக்கத்திலேயே நின்றேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல நடந்து பின்சுவருக்குப் போய், சிவகௌரியின் கையைப் பிடித்தார்.

“கண்டுபிடிச்சிட்டாய் என்ன, பிள்ளை.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரிக்கப் பார்த்தாள்.

“எந்தக் கட்டத்திலை கண்டனி? மறைக்காமல் சொல்லு. நான் தாங்குவன்.”

சிவகௌரி அக்காவின் தோளுக்கு மேலால் படத்தைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். அழுதுகொண்டு, தான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்றும், அந்த மாலை தெரியாமல் போட்ட மாலை என்றும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா நம்பவில்லை.

“எல்லாப் பக்கமும் பாத்தனியோ?”

“பாத்தனானம்மா.”

“அந்த வெள்ளை இடமெல்லாம்?”

“ஓமம்மா.”

“ஒண்டும் இல்லையோ?”

“ஒண்டும் இல்லையம்மா.”

மண்டபத்தில் சனம் திரும்பிப் பார்த்தது. நான் சோமசேகரத்தின் சட்டையைப் பிடிக்கப் போய்விட்டேன். படித்த மனுசர் என்ற மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. யாரோ என்னை இழுத்துப் பிடித்தார்கள். அதற்குள் அக்காவே படத்தடிக்குப் போய், மாலையைக் கழற்றி, சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்துவிட்டு, வா தம்பி போவம் என்றார்.

கோப்பாய்ப் பக்கத்தால் திரும்பி வந்துகொண்டிருந்தோம். கழற்றின மாலை அக்காவின் மடியில் கிடந்தது. நான் என்னென்னவோ கதைத்தேன். சோமசேகரத்தைத் திட்டினேன், படிப்பைத் திட்டினேன், தாள் முழுவதையும் நாளைக்கே திருப்பி வாங்கிவருகிறேன் என்றேன். சுபாங்கன் ஒருநாள் வருவான், யார் கண்டது என்றும் சொன்னேன். நீர்வேலி வாழைத்தோட்டங்களுக்குக் கிட்ட, கொஞ்சம் நிப்பாட்டு என்றார். ஓரமாக நிறுத்தினேன்.

“தம்பி, ஆருக்கும் சொல்லாதை. அந்த மாலையைக் கண்ட உடனை எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கினமாதிரிக் கிடந்தது. முடிஞ்சுது, இனித் தேடத் தேவையில்லை எண்டு கிடந்தது. அந்தப் பிள்ளை ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை எண்டு சொல்லுமட்டும், அவ்வளவு நேரமும் எனக்கு நிம்மதி.”

திரும்பி அவரைப் பார்த்தேன். மகன் காணாமல் போன நாளிலிருந்து அவர் அழுது நான் கண்டதில்லை. அன்றைக்கு அழுதார்.

“பெத்த பிள்ளைக்கு மாலை விழுந்ததைக் கண்டு நிம்மதிப்பட்டனான். நான் ஒரு தாயோ, குகதாசன்?”

அக்கா கண்ணைத் துடைத்துவிட்டு, மாலையை மடியில் நேராக எடுத்து வைத்துக்கொண்டு, சரி ஓட்டோவை எடு, இருட்டப் போகுது என்றார்.