ட்ரோனுக்கு வைத்த பொட்டு

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் எனக்கு வேலை. அங்கே மிஞ்சிய அலுமினியப் பட்டையை வளைத்து நானே ஒரு ட்ரோன் செய்தேன். விசிறிகளுக்குக் காவலாகப் பழைய குடைக்கம்பி, நிற்பதற்கு பைப் துண்டு. மோட்டாரும் கேமராவும் மட்டும் கடையில் வாங்கியவை. மாவு மில் மாதிரி இரையும், ஆனால் பறக்கும். சிரித்தவன் ஒருத்தனையும் நான் மறக்கவில்லை.

புது வண்டிக்குப் பூஜை போடாமல் எங்கள் ஊரில் சாவியைத் தொட மாட்டார்கள். அன்று காலை என் மனைவி ட்ரோனுக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் பொட்டு வைத்தாள். நானும் தூர நின்றே ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

மதியம் சாப்பிடக் கூப்பிட்டால் மாமனாரைக் காணோம். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். இப்போது ஞாபகம் பிசகிவிட்டது. பெற்ற மகளையே, "நீ ஆரூட்டுப் புள்ள?" என்று கேட்பார். வீட்டுக்குப் பின்னால் ஆளை மறைக்கும் மரவள்ளிக்கிழங்குக் காடு, அதன் நடுவே சுவரில்லாத கிணறு. அவள் "அப்பா, அப்பா" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அப்பா என்றால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தால்தானே!

ட்ரோனை ஏற்றினேன். போனில் காடும் இல்லை, வானமும் இல்லை, ஒரே மஞ்சள். இறக்கிப் பார்த்தால் கேமராவின் மேல் அப்பிய சந்தனம், நடுவில் குங்குமம்.

"அடிப்பாவி, கண்ணுலயா பொட்டு வெப்பே?"

"லாரிக்கு முன்கண்ணாடியிலதானுங்க வெக்கறோம்! இதுக்கு நெத்தி எதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்று அழுதாள்.

சட்டை நுனியை நனைத்துத் துடைத்தேன். பேட்டரி பாதிகூட இல்லை. முதலில் கிணற்றுக்கு மேலே நிறுத்தினேன். பாசி கலையாமல் கிடந்தது. அப்பாடா! அதைத் தாண்டி வரப்பில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தலையில் துண்டோடு மாமனார் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். எனக்கு உயிரே திரும்பி வந்தது.

"இருக்காரு! சத்தம் வர்ற பக்கமா ஓடு!" என்றேன். ட்ரோனை அவர் தலைக்கு மேலேயே நிறுத்தி வைத்தேன். அவள் போய்ச் சேரவும் பேட்டரி தீரவும் சரியாக இருந்தது. வரப்பிலேயே இறக்கிவிட்டு நானும் ஓடினேன்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தாள். அவர் ட்ரோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது வண்டியா?"

"ஆமாங்கப்பா. உங்க மாப்ள கட்டுனதுங்க."

"பொட்டு வெச்சியா சாமி?"



அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "வெச்சேனுங்கப்பா," என்றாள்.